தானாகப் போகும் அறிக்கையும் கூடவே போகும் மனிதரும்

புதுச்சேரியில் மனிதர்கள் பல வகை. கடற்கரைச் சாலைக்கு நடக்க வந்து, சுவரில் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு, 'இன்னிக்கு நல்ல வாக்கிங்' என்று எழுந்து போகிறவர்கள் ஒரு வகை. ஒரு மாதம் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்விட்டு ஆயுள் முழுக்க நன்றிக்குப் பதில் 'மெர்சி' சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. இவர்களைப் பற்றி ஊர் பேசி முடித்துவிட்டது. நான் சொல்லப்போவது சமீபத்தில் தோன்றி, கம்ப்யூட்டர் இருக்கும் இடமெல்லாம் கொசுவைப்போலப் பெருகிவிட்ட ஓர் இனத்தைப் பற்றி. இதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. நான் வைத்துவிட்டேன். தானாப்போயிடும்காரர்.

இவரை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்கிறீர்களா? ரொம்பச் சுலபம். எதைக் கேட்டாலும் 'அது தானா போயிடும்' என்பார். சொல்லிவிட்டு, அது தானாகப் போகிறதா என்று பார்க்க ஓடுவார்.

விவரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கடைகளில் பில் போடும் இயந்திரத்தில் விழுகிற எண்களையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி, கூட்டிக் கழித்து, நேற்றைக்கும் இன்றைக்கும் முடிச்சுப்போட்டு, கலர் கலராய்ப் படம் வரைந்து காட்டுகிற மென்பொருள்கள் இப்போது வந்திருக்கின்றன. அதன் மூலையில் ஒரு கடிகாரப் படம் இருக்கும். அதை அழுத்தி, 'தினமும் காலை ஏழு மணி, எக்செல் கோப்பு, இன்னின்ன பேருக்கு' என்று சொல்லிவிட்டால் போதும். மனிதக் கை படாமல் மெயிலில் அறிக்கை போய்ச் சேர்ந்துவிடும். இதைத்தான் ஷெட்யூல் போடுவது என்கிறார்கள். புத்தியுள்ளவன் அதைப் போட்டுவிட்டு ஏழரை மணி வரை தூங்குவான். நம்மவர் ஐந்தரைக்கே எழுந்து, முகம்கூடக் கழுவாமல், ஏழு மணி சரியாக ஏழு மணிக்கு வருகிறதா என்று காத்திருப்பார்.

நம்பவில்லையென்றால் முத்தியால்பேட்டைக்கு வாருங்கள். என் பக்கத்து வீட்டில் ஓர் உயர்ந்த மாதிரி இருக்கிறது. பெயர் அன்பழகன். ஷஹாபுதீன் பாய் என்பவரின் ரொட்டிக்கடைகளுக்கு, கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. பாயின் தகப்பனார் முல்லா வீதியில் ஒரே ஓர் அடுப்போடு தொடங்கிய கடை அது. இன்று கோரிமேடு, குருசுக்குப்பம், நெல்லித்தோப்பு என்று கிளைகள் விட்டிருக்கிறது. ரொட்டி நன்றாக இருக்கும். அதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறையெல்லாம் மெயிலைப் பற்றித்தான். ஒருநாள் மொட்டை மாடியில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அன்பழகன் தன் புதிய வித்தையை விளக்கினார். தெரியாத்தனமாக நான் 'பரவாயில்லையே' என்று சொல்லித் தொலைத்தேன்.

"ஒங்க மெயில் ஐடி சொல்லுங்கண்ணே, ஒரு டெஸ்ட் பாத்துடலாம்" என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் காலையில், நெல்லித்தோப்பில் எத்தனை பப்ஸ் போயிற்று, குருசுக்குப்பத்தில் எத்தனை தேங்காய் பன் தேங்கிற்று என்ற தகவல் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. நான் அந்தக் கடையில் வேலை பார்ப்பவன் அல்ல. வாங்கித் தின்பவன். இதை அவரிடம் பணிவாக எடுத்துச் சொன்னேன். "இருக்கட்டுண்ணே, வர்றது வரட்டும்" என்று என்னைத் தேற்றினார்.

இந்த இனத்தின் முக்கியமான குணம் இது. இவர்களுடைய பட்டியலில் ஏறுவதற்கு வழி உண்டு, இறங்குவதற்கு வழி கிடையாது. அன்பழகனின் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் தெரியுமா? எப்போதோ ஒருமுறை அடுப்பு பழுதுபார்க்க வந்த மெக்கானிக் இருக்கிறார். சம்பளம் போதவில்லை என்று போட்டிக்கடைக்குப் போய்விட்ட கேக் மாஸ்டர் இருக்கிறார். பழைய கடையின் எண்களை அங்கே உட்கார்ந்து வசதியாகப் பார்க்கலாம், அவரும் பார்ப்பதில்லை. கோரிமேட்டுக் கிளையைப் பல காலம் நடத்திவிட்டு, பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் மகள் வீட்டோடு இருக்கத் தூலூஸ் நகரத்துக்குப் போய்விட்ட கலியமூர்த்தி என்ற பெரியவரும் இருக்கிறார். பிரான்சில் பனி கொட்டுகிற காலையிலும் கோரிமேட்டுப் பால் ரொட்டி நிலவரம் அவரைத் தேடிக்கொண்டு போகிறது.

இவர்களிடம் வாய்வார்த்தையாக எதையும் கேட்டுப் பெற முடியாது. கேட்டால் சொல்லுகிறவன் பழைய காலத்து மனிதன். கேட்காமலே அனுப்புகிறவன்தான் புதிய காலத்து மனிதன் என்பது அவர்களுடைய வேதம். இப்போது கோரிமேட்டுக் கிளையைப் பார்த்துக்கொள்ளும் தாமரைச்செல்வி இந்த வேதம் அறியாதவர். ஒருநாள் காலை, நான் அன்பழகன் வீட்டுக்குப் பேப்பர் வாங்கப் போயிருந்தபோது தாமரைச்செல்வியிடமிருந்து போன் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத்தான் பேசுவார் நம்மவர். ஊருக்கே வெளிப்படையான நிர்வாகம்.

"அண்ணா, நேத்து எங்க கடையில பன்னு எவ்ளோ போச்சுன்னு பாத்துச் சொல்லேன். எவ்ளோ அனுப்பறதுன்னு பன்னு சுடுற குசினில கேக்கறாங்க."

"மெயில்ல வந்திருக்கும் பாரும்மா."

"மெயில தொறக்க எங்கண்ணா நேரம்? பக்கத்து ஆஸ்பத்திரிக்கு விழுப்புரம் பஸ்ஸு வந்து நிக்குது. கூட்டம் கடைக்குள்ள பூந்துடுச்சு. நீதான் எதிர்லயே வெச்சினு இருக்கியே, சொன்னா இன்னா?"

"சொல்லிடலாம். ஆனா சொன்னா அது பழக்கமாயிடும். மூணாவது ஷீட்டு, நாலாவது பத்தி."

தாமரைச்செல்வி போனை வைத்துவிட்டார். அன்பழகனுக்கு எதிரே திரையில் அந்த எண் பெரிதாக, பச்சை நிறத்தில், தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது. எனக்கே தெரிந்தது. கண்ணாடி போடாமலே தெரிந்தது.

இப்படிப்பட்டவருக்கு உலகத்தில் ஓர் ஆறுதல், ஒரே ஓர் ஆறுதல், முதலாளி ஷஹாபுதீன் பாயின் பதில். ஏழு மணிக்கு மெயில் போனால் அதே நிமிடம் பதில் வந்துவிடும்: 'கிடைத்தது. நன்று. தொடர்க.' மழை நாளிலும் வரும், பெருநாளிலும் வரும், பாய் மெக்காவுக்குப் போயிருந்தபோதும் நிமிடம் தவறாமல் வந்தது. "பாருங்கண்ணே, எப்டிப்பட்ட மனுஷன். எங்க இருந்தாலும் நம்ம ரிப்போர்ட்டப் படிக்காம இருக்க மாட்டாரு" என்று அன்பழகன் என்னிடம் உருகுவார். அந்த வேகத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. உங்களுக்கும் இந்நேரம் வந்திருக்கும். ஆனால் ஒரு மனிதனின் ஒரே ஆறுதலில் கை வைப்பானேன் என்று சும்மா இருந்துவிட்டேன்.

வீட்டில் அவருக்கு வாய்த்தவர் அஞ்சலாட்சி. வீராம்பட்டினத்துப் பெண். நிறையப் பேசுவார், நன்றாகவும் பேசுவார். தெருவில் நடந்தது, அம்மா வீட்டில் நடந்தது, நடக்கப்போவது எல்லாவற்றையும் கணவரிடம் சொல்வார். அன்பழகன் திரையைப் பார்த்தபடியே, சரியான இடைவெளியில், சரியான சுருதியில் 'ம்' போடுவார். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டால், என்ன பொறுமையான கணவன் என்று எவருக்கும் தோன்றும். என் மனைவிக்கே தோன்றி, எனக்குச் சிறிது காலம் அவதி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீராம்பட்டினத்தில் ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளி அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் தொட்ட தேர். அன்றைக்கு ஊர் விடுமுறை. புதுச்சேரியில் பாதிப் பேர் வீராம்பட்டினத்தில் இருப்பார்கள், மீதிப் பேர் போகிற வழியில் இருப்பார்கள். அந்த ஊரில் பெண் எடுத்தவன் அன்றைக்கு மச்சினன்மாரோடு வடத்தில் நின்றாக வேண்டும். அன்பழகன் கல்யாணமான நாளிலிருந்து ஒரு வருஷம்கூட நின்றதில்லை. ஒவ்வொரு வருஷமும் சரியாக அந்த வெள்ளிக்கிழமை பார்த்து எல்லாக் கிளைகளிலும் விற்பனை தடாலென்று விழும். அவர் பதறிப்போய் நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து காரணம் தேடுவார். போன வருஷம் காரணத்தைக் கண்டுபிடித்து, 'ஆடிக் காற்றும் நுகர்வோர் மனநிலையும்' என்று ஒரு நீண்ட ஆய்வறிக்கையே அனுப்பினார். அதற்கும் அதே நிமிடத்தில் பதில் வந்தது. நன்று. தொடர்க.

தேர் நாளில் பாதி ஊர் கடைக்கு வராது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பாதி ஊர் போனதற்கு மேலேயும் விழுகிறதே, அது எங்கே போயிற்று என்பதுதான் அவரைக் குடைந்த கேள்வி.

இந்த வருஷம் ஆடி பிறந்ததும் அஞ்சலாட்சி முடிவாகப் பேசிவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் குரலுக்குச் சுவர் ஒரு பொருட்டே அல்ல.

"ஏங்க, எங்க ஊரு தேருக்கு வர்றீங்களா இல்லியா?"

"ம்."

"போன வருசமும் இதே 'ம்'தான். மறுநாளு ரிப்போர்ட்டு வந்துச்சு, நீங்க வரல. எங்கம்மா எல்லாருக்கும் என்ன சொல்லுது தெரியுமா? மருமவன் துபாய்ல கீறாருன்னு சொல்லுது."

"ம்."

"இந்த வருசம் வடத்துல ஒங்க கை இல்லன்னா நான் எங்கம்மா வூட்லயே இருந்துக்கறேன். என்னியும் அந்த லிஸ்ட்ல சேத்துடுங்க. எதுனா பேசணும்னா மெயில் போடுங்க, நேரம் கெடச்சா பாக்கறேன்."

"ம்" என்றார் அன்பழகன். பிறகு நாற்காலி உருளும் ஓசை. "இன்னா சொன்ன? இன்னா சொன்ன நீ?" என்று பதறிக்கொண்டு குசினிப் பக்கம் ஓடினார்.

பாவம், அவர் கெட்டவர் இல்லை. அஞ்சலாட்சி இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நினைத்தே பயந்துவிட்டார். அன்று மாலை மாடிக்கு வந்து என்னிடம் சத்தியம் செய்தார். "தேருக்குப் போயே ஆவணும்ணே. ஒண்ணு விடாம எல்லாத்தயும் தானியங்கி ஆக்கிடப்போறேன். மழ வந்தா இன்னா, தேரு வந்தா இன்னா, தானா போயிடும்." சொன்னபடியே செய்தார். தினசரி, வாராந்தரம், மாதாந்தரம் எல்லாவற்றுக்கும் கடிகாரம் வைத்தார். அதோடு விட்டாரா? விடவில்லை. விற்பனை போன வாரத்துக் கணக்கில் பாதிக்கும் கீழே விழுந்தால், நேரம் காலம் பார்க்காமல் எல்லோருக்கும் சிவப்பு எழுத்தில் ஓர் அபாய மெயில் பறக்கும்படியும் செய்துவைத்தார். தேருக்குப் போகிற மனிதன் நிம்மதியாக இருக்க வேண்டாமா, அதற்காக.

தேர் நாள் வந்தது. அஞ்சலாட்சியின் அம்மா வீட்டு விருந்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். தேர்த் தெரு முனையில் அஞ்சலாட்சி கையை நீட்டினார். அன்பழகன் பேசாமல் போனை எடுத்துக் கொடுத்தார். இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டாரே என்று எனக்கு உதைத்தது. அலுவலகத்தில் கொடுத்த இன்னொரு போன் வேட்டி மடிப்பில் இருந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

கவர்னர், மந்திரி முதலான பெரியவர்கள் வடம் தொட்டுத் தொடங்கிவைத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் தேர் ஊரின் கையில். உறுமி மேளம் காதைப் பிளந்தது. வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து உடம்பைப் பிசுபிசுவென்று ஆக்கின. முன்னால் இரண்டு மச்சினன்மார், நடுவில் அன்பழகன், பின்னால் நான், எதிர்ச்சாரியில் மாமியாரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சி. "மாமா, சிஸ்டம் எப்டி?" என்று மச்சினன் கிண்டலடித்தான். "நல்லா புடிங்க, இது தானா போவாது" என்றான் இன்னொருவன். அன்பழகன் சிரித்தார். அவர் முகத்தில் அப்படிச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. தேர் அசைந்தது, பத்தடி வந்தது, இன்னும் கொஞ்சம் வந்தது, நானும் உலகம் திருந்திவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது மடிப்பு அதிர்ந்தது.

ஒரு கையால் வடத்தைப் பிடித்தபடி மறு கையால் போனை உருவிப் பார்த்தார். சிவப்பு எழுத்து. 'அபாயம். எல்லாக் கிளைகளிலும் விற்பனை கடும் சரிவு. உடனடிக் கவனம் தேவை. இப்படிக்கு, அன்பழகன்.' தாமே எழுதிவைத்து, தம் பெயரிலேயே தமக்கு வந்த மெயிலைப் படித்து அந்த மனிதர் நடுங்கிய நடுக்கத்தை என்னவென்று சொல்ல. "அண்ணே, மொதலாளிக்கும் இது போயிருக்கும்ணே. படிச்சிருப்பாருண்ணே. ஒங்க போன்ல டவர் கீதா?" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். வடத்தை விட்டுவிட்டார். நானும் விட்டேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போகும்போது திரும்பிப் பார்த்தேன். அஞ்சலாட்சி எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தேர்க் கூட்டத்தில் எந்தப் போனுக்குத்தான் டவர் கிடைக்கும்? வந்த மெயிலே அதிசயம். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு படகுகள் நிற்கும் பக்கமாக ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ஓடிய வேகத்தில் ஒரு பந்தலுக்குள் நுழைந்து, அங்கே நின்றவர் மேலேயே போய் மோதினார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்து விட்டுக்கொண்டு, தட்டுத் தட்டாகப் பன்னை எடுத்து வருகிறவர் போகிறவர் கையில் திணித்துக்கொண்டிருந்தார் ஷஹாபுதீன் பாய். பக்கத்தில் தாமரைச்செல்வி ரோஸ்மில்க் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாப்பா அன்பு. ஒரு வழியா இந்த வருசம் வந்துட்டியா?" என்றார் பாய்.

"மொதலாளி, மெயில் பாத்தீங்களா?"

"இன்னா மெயிலு?"

"எல்லாக் கடையிலும் சேல்ஸ் வுழுந்துடுச்சு மொதலாளி. பாதிக்கும் கீழ."

"வுழாம இன்னா பண்ணும்? விடியக்காலத்துல போட்ட பன்னு பூரா இங்கதானே கெடக்குது. தேரு இழுக்கறவங்களுக்கு நம்ம கடை பன்னுதான், எங்க வாப்பா காலத்துலேந்து. வருசா வருசம் நடக்குறதுதானே?"

அன்பழகன் பன்னைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். மறுபடியும் பன்னைப் பார்த்தார். "பில்லு போடலியே" என்றார்.

"ஓசி பன்னுக்கு ஏதுப்பா பில்லு?"

பில் இல்லாத பன் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியாதது அன்பழகனுக்குத் தெரியாது. கடையில் இருக்கும் அத்தனை பேரும் தேர் நாளில் பன் சுமந்துகொண்டு வீராம்பட்டினம் வந்துவிட, இந்த ஒரு மனிதர் மட்டும் வீட்டில் உட்கார்ந்து ஆடிக்காற்றில் காரணம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"போன வருசம் இதுக்குன்னு தனியா எழுதி அனுப்புனேனே மொதலாளி. காத்து, நுகர்வோர் மனநிலைன்னு. நீங்ககூட நன்று, தொடர்கன்னு போட்டிருந்தீங்களே."

பாய் தட்டைக் கீழே வைத்தார். தாமரைச்செல்வி ரோஸ்மில்க்கைக் கலக்குவதில் திடீரென்று ரொம்ப மும்முரமானார்.

"அது வந்து, எம் பொண்ணு லமீஸ் பண்ணிக்குடுத்ததுப்பா. ஒன் மெயில் வந்தா அது ஒரு பக்கமா போய் ஒக்காந்துக்கும். பதிலும் அதுவே போட்டுடும். எனக்குக் கண்ணு தெரியல, அவ்ளோ பொடி எழுத்தப் படிக்க முடியாது. காலையில தாமரைக்கு ஒரு போனு, மத்தவங்களுக்கு ஒரு போனு, கேட்டுக்குவேன். நீ ஆசையா அனுப்புறியே, ஒம் மனசு நோவக்கூடாதுன்னுதான்." ஆறுதலாக ஒன்று சேர்த்தார். "நான் ஒண்ணும் பண்ண வேணாம். தானா போயிடும்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மெயிலை அனுப்பியதும் இயந்திரம், நன்று என்று பாராட்டியதும் இயந்திரம். நடுவில் இந்த மனிதர் ஐந்தரை மணிக்கு எழுந்து பல்கூடத் துலக்காமல் உட்கார்ந்திருந்தார் என்பதை நினைத்தபோது, உண்மையாகவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பாய் அன்பழகன் கையில் ஒரு பன்னை வைத்தார். வாங்கிக் கடித்தார். மெதுவாக மென்றார். "நல்லாக்கீது" என்றார். எத்தனையோ ஆயிரம் பன்களுக்குக் கணக்கு அனுப்பியவர் அதைத் தின்று பார்த்தது அன்றைக்குத்தானோ என்னவோ.

"தேரு மூலையில திரும்பாம நிக்குது. சக்கரத்துக் கட்டைய மாத்தினு கீறாங்க. ஓடு ஓடு" என்று பாய் அவர் முதுகில் தட்டி, மச்சினன்மாருக்கென்று ஒரு தட்டுப் பன்னையும் தலையில் ஏற்றி அனுப்பினார்.

நாங்கள் திரும்பியபோது அஞ்சலாட்சி மூலையில் ஒரு திண்ணைமேல் ஏறி நின்றுகொண்டு, கணவருடைய போனைத் தேரை நோக்கித் தூக்கிப் பிடித்திருந்தார். போனில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மூலையில் மட்டும் எப்படியோ டவர் இருந்திருக்கிறது. அம்மன் அருள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

"வந்துட்டாரு, இந்தாங்க பேசுங்க" என்று போனைக் கணவர் பக்கம் திருப்பினார். திரையில், கோடையிலும் கம்பளிக் குல்லாயோடு ஒரு முதிய முகம். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்திருக்கும். பழைய மேலாளர் கலியமூர்த்தி.

"அன்பு, சிவப்பு மெயில் வந்துச்சுப்பா. எல்லாக் கடையிலும் ஒரே நாள்ல இப்டி வுழுந்து கெடக்குதேன்னு பாத்தேன். வெள்ளிக்கெழம வேற. நம்ம வீராம்பட்டினத்துத் தேருதான், பாய் பன்னு குடுத்துனு கீறாருன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் போன் போட்டேன். ஒன் சம்சாரம் தேரு காமிச்சுது."

"சார், நீங்க, நீங்க அதப் படிக்கிறீங்களா சார்?"

"தெனமும் படிக்கிறேன்பா. எழுந்தா அதான் மொத வேல. ஆமா, கோரிமேட்டுல ரெண்டு நாளா பால் ரொட்டி நெறைய போவுதே, ஆஸ்பத்திரில கூட்டமா?"

அன்பழகனின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையில் பன் தட்டு இருந்ததால் துடைக்க முடியவில்லை. தாம் அனுப்பியதை ஒருவர் படிக்கிறார். கடல் கடந்து, குல்லாய் போட்டுக்கொண்டு, மூன்றாவது ஷீட் நான்காவது பத்தி வரைக்கும் படிக்கிறார். பட்டியலிலிருந்து யாரையும் இறக்காமல் விட்டதற்கு அவரை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். அதனால் விளைந்த ஒரே நன்மை எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தது.

போனை வைத்ததும் அவர் மனைவியிடம் திரும்பினார். "பாய் தேருக்கு வருசா வருசம் பன்னு குடுக்கறாராம். எனக்குத் தெரியவே தெரியாது."

அஞ்சலாட்சி அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறைக்கிறது. "கல்யாணமான வருசத்துலேந்து சொல்றேன். ஒங்க மொதலாளி வந்தாரு, பன்னு குடுத்தாரு, எங்கம்மாவ நல்லாக்கீறியான்னு கேட்டாருன்னு ஒவ்வொரு தேருக்கும் வூட்டுக்கு வந்து ஒக்காந்து சொல்லிக்கீறேன். நீங்க 'ம்'ன்னீங்க."

முதலாளிக்கு லமீஸ் செய்துகொடுத்ததை, இவர் தமக்குத் தாமே செய்துகொண்டிருக்கிறார். அதுவும் கம்ப்யூட்டர் இல்லாமலே. கிடைத்தது, நன்று, தொடர்க. அன்பழகனுக்கு அது புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். வழக்கமாக அந்த இடத்தில் வருகிற ஒலி வரப்பார்த்தது. வாயை மூடிக்கொண்டார். அஞ்சலாட்சி கையை நீட்டினார். அவர் பன் தட்டை மச்சினனிடம் கொடுத்துவிட்டு, மடிப்பிலிருந்த இரண்டாவது போனை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

பிறகு வடத்தைப் பிடித்தார். கட்டையை எடுத்தார்கள், தேர் மூலை திரும்பியது. அவர் கையில் கொப்புளம் வருகிற வரைக்கும் இழுத்தார், நான் கண்ணால் பார்த்தேன். மாமியார் அக்கம்பக்கத்தில் "எம் மருமவன், துபாய்லேந்து வந்துக்கீறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதோடு மனிதர் திருந்திவிட்டார் என்று எழுதி முடித்தால் உங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் வேலை மிச்சம். ஆனால் இந்த இனம் திருந்துகிற இனம் அல்ல. மறுநாளும் ஏழு மணிக்கு எனக்குப் பப்ஸ் கணக்கு வந்தது. ஒரு மாற்றம் உண்டு. கடைசியில் புதிதாக ஒரு பத்தி, 'இன்றைக்கு ஊரில் என்ன விசேஷம்' என்று. அதை எந்த இயந்திரத்திலிருந்தும் இழுக்க முடியவில்லையாம். ஆடி ஐந்தாம் வெள்ளி எப்போது வரும் என்றே அதற்குத் தெரியாது. ஆகவே தினமும் காலையில் அன்பழகன் திரையை மூடிவிட்டு, அஞ்சலாட்சிக்கு எதிரே உட்கார்ந்து கேட்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார். 'ம்' போட்டால் எழுத முடியாதே. எங்கே கல்யாணம், எங்கே திருவிழா, யார் வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், கருவாடு ஏன் கிடைக்கவில்லை எல்லாம் அதில் வருகிறது. எண்கள் இருக்கும் பக்கத்தை இன்றுவரை நான் திறந்ததில்லை. அந்தக் கடைசிப் பத்தியை ஒருநாளும் விட்டதில்லை. ஷஹாபுதீன் பாயும் இப்போது லமீஸை உட்காரவைத்து அதை மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்கிறாராம்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்திருப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. உங்களிடம் எக்செல் இல்லை, ஷெட்யூல் இல்லை, கிளைகள் இல்லை, நீங்கள் அந்த இனமே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். நேற்றுச் சாப்பிடும்போது உங்கள் வீட்டில் ஒருவர் எதிரே உட்கார்ந்து உங்களிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். நீங்களும் சரியான இடத்தில், சரியான சுருதியில் 'ம்' என்றீர்கள்.

அவர் என்ன சொன்னார்?